ஒரு பதிகத்தைக் கொண்டு ஆயிரத்தைத் தேடிய நாதமுனிகள்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பாட்டை முழுவதும் மறந்தவர்க்குத் துயரில்லை. மறந்தோம் என்பதையும் அவர் அறியார். முழுவதும் நினைவில் உள்ளவர்க்கும் துயரில்லை. ஓரடி நாவில் நிற்க, மேலே வருவது பிடிபடாமல் இருப்பவர்க்கே தவிப்பு. நம் திருமாளிகைகளில் பெரியோர்கள் விடியற்காலையில் சேவித்த பாசுரத்தின் ஓரடியோ, அதன் இசையோ செவியில் தங்கியிருக்க, அது எந்த ஆழ்வாருடையது, எந்தப் பதிகத்தது என்றறியாமல் பல்லாண்டுகளாகத் தேடுகிறவர்கள் நம்மிடையே உண்டு. இத்தவிப்பு நம் ஸம்ப்ரதாயத்துக்குப் புதிதன்று. இன்று நாம் நாலாயிரம் என்று கையில் ஏந்திச் சேவிக்கும் திவ்யப்ரபந்தம் முழுவதும் இத்தகைய ஒரு தவிப்பின் பயனாகவே நமக்குக் கிடைத்தது. ஆகையால், குறையாக நினைவில் உள்ள பாட்டைத் தேடும் முறை யாது என்பதை ஸ்ரீமந்நாதமுனிகளின் சரித்திரத்தைக் கொண்டே அனுஸந்திப்போம்.

மன்னனார் ஸந்நிதியில் கேட்டது

9, 10-ஆம் நூற்றாண்டுகளை ஒட்டிய காலத்தில், வீரநாராயணபுரம் என்று வழங்கிய காட்டுமன்னார்கோயிலிலே நாதமுனிகள் எழுந்தருளியிருந்து, மன்னனார்க்குக் கைங்கர்யம் செய்துகொண்டிருந்தார். அக்காலத்தில் மேல்நாட்டிலிருந்து சில ஸ்ரீவைஷ்ணவர்கள் அங்கே வந்து பெருமாளை ஸேவித்து, திருக்குடந்தை ஆராவமுதன் விஷயமான திருவாய்மொழிப் பதிகத்தை இசையோடு விண்ணப்பம் செய்தார்கள். நாதமுனிகள் அதைக் கேட்டு உருகினார். உருகியதோடு நின்றாரல்லர், அவர்களை நோக்கி, ‘இப்பிரபந்தம் முழுவதும் உங்களுக்கு வருமோ?’ என்று வினவினார். ‘நாங்கள் அறிந்தது இவ்வளவே’ என்று அவர்கள் விடை கூறினார்கள். குருபரம்பரை நூல்கள் இவ்வரலாற்றைச் சொல்லும் முறையில் சிறு சிறு வேறுபாடுகள் இருப்பினும், இச்செய்தியில் அவை ஒன்றுபடுகின்றன.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும். பெருமாள் ஸந்நிதியில் பத்துப் பாசுரங்களைக் கேட்டவர், அவை ஒரு பெரிய பிரபந்தத்தின் பகுதி என்று எவ்வாறு அறிந்தார்? கேட்ட அளவில் அந்தப் பதிகம் குறையுள்ளதாகத் தோன்றாதே. ஆழ்வாருடைய ஆர்த்தி அதில் நிறைவாகவே உள்ளது. எம்பெருமானை அழைத்தல், அவன் சயனத்திருக்கோலத்தைக் கண்டு நெஞ்சழிதல், புகல் வேறில்லை என்று விழுதல் ஆகிய எல்லாம் உண்டு. தனி நூல் என்று கொண்டு அதிலேயே அமைந்துவிட இடம் இருந்தது.

அப்படி அமையவொட்டாமல் செய்தது பதினோராம் பாட்டு. முதற்பத்துப் பாசுரங்களும் எம்பெருமானை நோக்கியவை. இறுதிப் பாட்டோ பதிகத்தைப் பற்றியது. அதைச் சேவிப்பார் பெறும் பேற்றைச் சொல்வது. அப்பாட்டிலே நான்கு செய்திகள் பொதிந்துள்ளன. பாடினவருடைய ஊர் குருகூர் என்பது ஒன்று. அவர் திருநாமம் சடகோபன் என்பது ஒன்று. அவர் பாடியவை ஆயிரம் என்பது ஒன்று. இவை அவற்றுள் பத்து என்பது ஒன்று. ஊர், பேர், தொகை, பகுதி என்ற இந்நான்கும் ஒரே பாட்டில் அகப்பட்டன. பத்தைக் கேட்டவர்க்கு ஆயிரம் உண்டென்று தெரிந்ததும், தேட வேண்டிய திசை தெரிந்ததும் இதனாலேயாம்.

இதனால், அந்த யாத்திரிகர்கள் செய்த உபகாரம் எத்தகையது என்பதை உணர வேண்டும். பலன் சொல்லும் பாட்டுத்தானே என்று கடைசிப் பாசுரத்தை அவர்கள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெருமாள் திருவுள்ளம் உகந்திருக்கும், கேட்டவர்களும் மகிழ்ந்திருப்பார்கள், ஆயிரம் உண்டென்ற செய்தி மட்டும் அங்கேயே நின்றுபோயிருக்கும். அறிந்தது கொஞ்சமாயினும், அந்தக் கொஞ்சத்தை முதலும் முடிவும் குறையாமல் காத்தார்கள். திருவாய்மொழியின் நூறு பதிகங்களில் அவர்கள் கையில் இருந்தது ஒன்று. நூறில் ஒன்றைப் பழுதின்றி வைத்திருந்தவர்களால் மற்றைத் தொண்ணூற்றொன்பதும் மீளும் வழி பிறந்தது. அவர்களுடைய திருநாமங்களை நாம் அறிந்து போற்ற இயலவில்லை. ஆயினும் நாம் பாசுரம் சேவிக்கும்போதெல்லாம் அவர்களுக்குக் கடன்பட்டவர்களே.

அவர்கள் செய்த மற்றோர் உபகாரமும் உண்டு. அறியாததை அறியோம் என்றார்கள். ஒரு பெரியவர் ஆவலோடு கேட்கும்போது, அவரை ஏமாற்ற மனமின்றி எதையேனும் சேர்த்துச் சொல்லிவிடுவது உலகத்தார் இயல்பு. அப்படிச் சொல்லியிருந்தால் நாதமுனிகளின் தேட்டம் அவ்விடத்திலேயே தணிந்திருக்கும். உள்ளதை உள்ளபடி சொன்னமையால் அது வளர்ந்தது.

குருகூரில் கண்டது

நாதமுனிகள் பாட்டில் கேட்ட ஊரை நோக்கிப் புறப்பட்டார். தாமிரபரணிக் கரையில் ஆழ்வார்திருநகரி என்று இன்று வழங்கும் திருக்குருகூரை அடைந்தார். அங்கே மதுரகவியாழ்வாருடைய சிஷ்ய வம்சத்தில் வந்த பராங்குசதாஸர் என்பவரைக் கண்டு, திருவாய்மொழி உண்டோ என்று கேட்டார். அது நெடுங்காலத்துக்கு முன்பே வழக்கொழிந்தது என்பதே விடையாயிற்று. பாடினவர் பிறந்த ஊரிலேயே பாட்டு இல்லை. தேடிச் சென்றவர் திருவுள்ளம் எவ்வாறு இருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

ஆயினும் அவ்வூரில் ஒன்று எஞ்சியிருந்தது. மதுரகவியாழ்வார் நம்மாழ்வார் விஷயமாக அருளிச்செய்த கண்ணிநுண் சிறுத்தாம்பு என்னும் 11 பாசுரங்கள் பராங்குசதாஸரிடம் இருந்தன. ஆழ்வார் திருமுன்பே அதை ஒருமுகமான நெஞ்சோடு 12,000 உரு ஜபித்தால் ஆழ்வார் பிரஸன்னராவார் என்று மதுரகவிகள் அருளியிருப்பதாக அவர் தெரிவித்தார். நாதமுனிகள் அப்பிரபந்தத்தை அவர் திருவாயாலேயே கேட்டுப் பெற்று, திருப்புளியாழ்வார் அடியில் அமர்ந்து அவ்வாறே அனுஸந்தித்தார்.

12,000 உரு என்பதை நாம் எளிதாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். 11 பாசுரங்களை 12,000 முறை சேவித்தால் 1,32,000 பாசுரங்களாகும். ஒரு முறைக்கு மூன்று நிமிடம் என்று கொண்டால் 600 மணி நேரம் ஆகும். நாளொன்றுக்கு 10 மணி நேரம் இடைவிடாமல் சேவிப்பவர்க்கும் 60 நாள் வேண்டும். இவ்வளவும் அவர் தேடிவந்த பாட்டைச் சொல்வதில் கழிந்த காலம் அன்று. கையில் கிடைத்த வேறொரு பாட்டைச் சொல்வதில் கழிந்தது. தேடிய பொருள் கிடைக்குமோ என்ற கலக்கம் இருந்திருந்தால் இது கூடாது.

மேலும், கண்ணிநுண் சிறுத்தாம்பு எம்பெருமானைக் காட்டிலும் ஆழ்வாரையே தெய்வமாகக் கொண்டு பாடியது. தம் ஆசார்யனையன்றி வேறு தெய்வம் அறியாத சிஷ்யருடைய வாக்கு அது. பாட்டைத் தேடினவர் பாடினவருடைய திருவடிகளைப் பற்றும்படி ஆயிற்று. இதுவே இச்சரித்திரத்தின் உயிர்நிலை என்று நாம் கொள்கிறோம். பாட்டைத் தேடினார், ஆழ்வாருடைய சிஷ்ய பரம்பரை கிடைத்தது. அப்பரம்பரையின் வழியே ஆழ்வார் கிடைத்தார். ஆழ்வார் கிடைத்தபின் பாட்டுக் கிடைப்பதற்குத் தடை ஏது? ஆழ்வார் யோக தசையில் ஸாக்ஷாத்கரித்து, திருவாய்மொழியை மாத்திரமன்றி, மற்றை ஆழ்வார்களுடைய பிரபந்தங்களையும் அவற்றின் பொருளையும் அவருக்குக் கொடுத்தருளினார் என்று பூர்வாசார்யர்கள் அருளிச்செய்வர். அவர் கேட்டுச் சென்றது ஆயிரம். பெற்றுத் திரும்பியது நாலாயிரம்.

கற்பவர்கள் இங்கே மற்றொன்றையும் நோக்க வேண்டும். நாதமுனிகள் சாஸ்த்ரங்களில் வல்லவர், இசையில் ஒப்பற்றவர். ஆயிரம் என்ற தொகை தெரிந்துவிட்டது. பதிகத்தின் நடையும் தெரிந்துவிட்டது. எஞ்சியவற்றைத் தாமே பாடி நிரப்ப அவருக்கு ஆற்றல் இல்லாமலில்லை. அந்நினைவே அவர்க்கு உண்டாகவில்லை. இல்லாததைச் செய்து சேர்ப்பதைக் காட்டிலும் உள்ளதை 12,000 முறை சொல்லிக் காத்திருப்பதே அவருக்கு உகந்தது.

மீண்டதும் மீளாததும்

வீரநாராயணபுரத்துக்கு மீண்டு வந்த நாதமுனிகள், பெற்றதைத் தம்மிடமே வைத்துக்கொள்ளவில்லை. நாலாயிரமாக வகுத்து, இயலும் இசையுமாகப் பிரித்து, தம் மருமக்களான கீழையகத்தாழ்வானையும் மேலையகத்தாழ்வானையும் கொண்டு தேவகானத்தில் பாடுவித்தார். திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி, திருநாராயணபுரம் முதலிய திருத்தலங்களில் இன்றும் நடைபெறும் அரையர் ஸேவை அவர் இட்ட வழியில் வந்ததென்பர். மறந்துபோகும் என்ற அச்சத்துக்கு அவர் கண்ட மருந்து, பாடுவாரை உண்டாக்குவதேயாம்.

அத்தகைய நாதமுனிகளே அருளிச்செய்த நியாயதத்துவம் என்னும் நூல் இன்று நமக்கு முழுமையாக இல்லை. பின்னுள்ள ஆசார்யர்கள் தங்கள் நூல்களில் எடுத்தாண்ட பகுதிகளைக் கொண்டே அதை அறிகிறோம். ஆழ்வார்களின் நாலாயிரத்தை மீட்டுக் கொடுத்தவருடைய நூல் மீட்பாரின்றிப் போயிற்று.

இன்னும் நெஞ்சை வருத்தும் வரலாறு ஒன்றுண்டு. நாதமுனிகள் தாம் பெற்ற யோகரஹஸ்யத்தைக் குருகைக்காவலப்பனுக்கு உபதேசித்து வைத்தார். பின்னாளில் நாதமுனிகளின் திருப்பேரனாரான ஆளவந்தார், அதைப் பெற வேண்டிக் குருகைக்காவலப்பனிடம் சென்றார். அவர், தாம் திருநாட்டுக்கு எழுந்தருளும் நாளைக் குறித்துக் கொடுத்து, அதற்குள் வந்து பெற்றுக்கொள்ளும்படி நியமித்தார். ஆளவந்தாரோ திருவனந்தபுரத்தில் எம்பெருமானை ஸேவித்துக்கொண்டிருந்தபோது குறித்த நாளை நினைத்துப் பார்க்க, அந்நாள் அன்றைக்கேயாய் இருந்தது. பறந்து செல்ல ஒரு புஷ்பக விமானம் இல்லையே என்று வருந்தினார் என்பது ஐதிஹ்யம். யோகரஹஸ்யம் அவ்வாசார்யரோடு நின்றது.

பாட்டன் பாட்டைத் தேடிக் கண்டார். பேரர்க்கு யோகம் கைக்கெட்டாமற் போயிற்று. ஆளவந்தாருடைய ஞானமும் பக்தியும் யாரினும் குறைந்தவையல்ல. திருவனந்தபுரத்தை ஸேவிக்கச் சென்றதும் பகவத் விஷயத்தில் ஈடுபாட்டால் விளைந்ததே. ஆயினும் ஒருவர் நெஞ்சில் மாத்திரம் தங்கிய பொருளுக்கு ஒரு நாள் எல்லை உண்டு. அந்நாள் கடந்தால் மீட்பு இல்லை. பாட்டு பலர் நாவில் சிதறியேனும் இருந்தது, ஆகையால் மீண்டது. யோகரஹஸ்யம் ஒருவரிடமே இருந்தது, ஆகையால் மறைந்தது.

நாம் தேடும்போது

இச்சரித்திரத்தை அறிந்தபின், நம் செவியில் குறையாகத் தங்கிய பாசுரத்தை நாம் எவ்வாறு தேடுவது என்று பார்ப்போம்.

ஆழ்வார்கள் தங்கள் பாட்டிலேயே தேடுவார்க்கு அடையாளங்களை வைத்துப் போயிருக்கிறார்கள். திருவாய்மொழி அந்தாதியாய் அமைந்தது. ஒரு பாசுரம் முடியும் சொல்லில் அடுத்த பாசுரம் தொடங்கும். ஒரு பதிகம் முடியும் சொல்லில் அடுத்த பதிகம் தொடங்கும். சிரீவரமங்கைப் பதிகம் முடியும் சொல்லே குடந்தைப் பதிகத்துக்குத் தொடக்கம். குடந்தைப் பதிகம் முடியும் சொல்லே திருவல்லவாழ்ப் பதிகத்துக்குத் தொடக்கம். ஆகவே அந்த யாத்திரிகர்கள் சேவித்த பதிகத்தின் இருபுறமும், இழந்த பதிகங்களின் கதவுகள் இருந்தன. ஒரு பாசுரத்தின் ஈற்றுச்சொல் நினைவில் இருந்தால் அதன் அயலில் நிற்கும் பாசுரம் அகப்படும்.

தொகையும் ஓர் அடையாளம். திருவாய்மொழியில் பன்னிரு திருநாமங்களைப் பாடும் பதிகம் ஒன்று 13 பாசுரங்களைக் கொண்டது. மற்றைத் தொண்ணூற்றொன்பதும் பதினொன்று பதினொன்றாக வருவன. இவ்வாறு 1,102 பாசுரங்கள் ஆகின்றன. ஒன்று விட்டுப்போனாலும் எண்ணிக்கை காட்டிக்கொடுக்கும்.

இறுதிப் பாட்டில் வரும் திருநாமம் மற்றோர் அடையாளம். விட்டுசித்தன் என்றால் பெரியாழ்வார்; பட்டர்பிரான் கோதை என்றால் ஆண்டாள்; கலியன் என்றால் திருமங்கையாழ்வார்; சடகோபன் என்றால் நம்மாழ்வார். திருப்பாணாழ்வாரின் அமலனாதிபிரான்போல ஆசிரியர் பெயர் கூறாதனவும் உண்டு. அவற்றில் பாடப்பட்ட திவ்யதேசத்தையும், எம்பெருமானுடைய திருமேனி வர்ணனத்தையும் கொண்டு உணர வேண்டும்.

இக்காலத்தில் ஒரு சொல்லை இட்டால் கணினி நொடியில் தேடித் தருகிறது. அது நல்ல உதவியே. ஆனால் செவி கேட்டது சந்தி சேர்ந்த ஓசை. ஏட்டில் இருப்பது சில இடங்களில் பிரித்து எழுதிய சொல். இளமையில் கேட்டவர் நெஞ்சில் அவ்வோசை சிறிது திரிந்தும் இருக்கும். கருவி இல்லை என்று சொன்னதாலேயே பாசுரம் இல்லை என்று முடிவு செய்துவிடலாகாது. கேட்ட ஓசையைப் பொருள் நோக்கிப் பிரித்துப் பார்த்தும், முன்பின் வரும் சொற்களை மாற்றி இட்டும் தேட வேண்டும். அதிலும் அகப்படாவிடில், பிரபந்தம் சேவிக்கும் ஒரு ஸ்வாமியிடம் சென்று, நினைவில் உள்ள அளவைக் கூச்சமின்றி இசையோடே சொல்லிக் காட்டுவதே நல்வழி. சொல் திரிந்தாலும் இசை பெரும்பாலும் திரிவதில்லை. கேட்டவர் உடனே எடுத்துக்கொடுப்பார். நாதமுனிகளும் குருகூரில் முதலில் ஏட்டைத் தேடவில்லை, அறிந்தவரைத் தேடினார்.

தேடிக் கிடைக்கும் வரையில் இடைவெளியை நம் சொல்லால் நிரப்பாதிருக்க வேண்டும் என்பது முக்கியம். பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய வியாக்கியானத்தில் பெரும்பகுதி மறைந்துபோனபோது, மணவாளமாமுனிகள் மறைந்த பகுதிக்கு மாத்திரமே வியாக்கியானம் அருளினார். பிள்ளையின் ஸ்ரீஸூக்தி எஞ்சியிருந்த இடத்தில் கைவைக்கவில்லை. நிரப்பத் தகுதி பெற்ற மஹான் நிரப்பியபோதும், பழையது இதுவரை, புதியது இதுவரை என்ற எல்லை அழியவில்லை. நமக்கோ அத்தகுதியும் இல்லை. ஆகையால் மறந்த அடிக்கு ஈடாக நாமே ஓரடியைச் சேர்த்துப் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் ஆகாது. ‘நாங்கள் அறிந்தது இவ்வளவே’ என்ற அந்த யாத்திரிகர்களின் விடையே நமக்கும் அமையும்.

எல்லாவற்றினும் மேலாக ஒன்று. நம் இல்லங்களிலும் ஸந்நிதிகளிலும், புத்தகம் பாராமல் பாசுரம் சேவிக்கும் முதியோர்கள் இருக்கிறார்கள். பாசுரங்கள் அச்சில் வந்துவிட்டன என்பது மெய்யே. ஆயினும் அவர்கள் சேவிக்கும் சந்தை முறையும், எந்த இடத்தில் நிறுத்தி எந்தச் சொல்லை மீட்டுவது என்ற மரபும், இன்ன பாசுரத்துக்கு இன்ன பெரியவர் கண்கலங்குவார் என்ற செவிவழிச் செய்தியும் அச்சில் வந்தனவல்ல. அவர்களுக்கும் குருகைக்காவலப்பன் குறித்ததுபோல் ஒரு நாள் உண்டு. வேறுபாடு, அந்நாளை யாரும் நமக்கு எழுதிக் கொடுப்பதில்லை என்பதே. ஆகையால் அடுத்த உத்ஸவத்துக்குப் பின் கேட்போம், ஓய்வு கிடைக்கும்போது கேட்போம் என்று தாழ்க்காமல், இன்றே அவர்கள் அருகில் அமர்ந்து ஒரு பதிகமேனும் சந்தை சொல்லிக்கொள்வோம். அப்பதிகத்தைப் பதினோராம் பாட்டோடும் கற்போம். நம் பிள்ளைகளுக்கும் பதினோராம் பாட்டோடே கற்பிப்போம். நாம் குறையாமல் சேவிக்கும் அந்த ஒன்றைக் கேட்டு, மேலே உண்டோ என்று கேட்பார் ஒருவர் நாளை வரக்கூடும்.

ஆழ்வார் திருவடிகளே சரணம்.
ஸ்ரீமந்நாதமுனிகள் திருவடிகளே சரணம்.